மூன்று, ஒன்பது, இரண்டு!

கிண்டியிலே ஓடிய குதிரைகளின் எண்கள் அல்ல, தோழரே! உடல்நலம் காக்கும் பணியில், பெரிய மாநிலங்களுக்கிடையே நம் தமிழ்நாடு பெற்ற இடங்கள் இவை. டில்லியிலே நிதி ஆயோக் என்றோர் அமைப்பு இருக்கிறது. அது மாநிலங்களை வரிசையில் நிறுத்தி, மதிப்பெண் போட்டு, பட்டியல் வெளியிட்டது. 2018 பிப்ரவரியில் வெளிவந்த முதற்பட்டியலில் நமக்கு மூன்றாம் இடம். 2019 ஜூனில் வெளிவந்த அடுத்த பட்டியலில் ஒன்பதாம் இடம். 2021 டிசம்பரில் வெளிவந்த நான்காம் சுற்றுப் பட்டியலில் இரண்டாம் இடம்.

மூன்று என்றதும் முரசு கொட்டியோர் உண்டு. ஒன்பது என்றதும் மார்பில் அடித்துக்கொண்டோர் உண்டு. இரண்டு என்றதும் பரண்மீது போட்ட முரசைத் தேடி எடுத்தோரும் உண்டு.

மாடம்பாக்கத்துத் தாயொருத்தியிடம் சென்று கேட்டுப் பாருங்கள். "அம்மா! மூன்றிலிருந்து ஒன்பதுக்கு விழுந்தோமே, உங்களுக்கு எங்கே அடிபட்டது? ஒன்பதிலிருந்து இரண்டுக்கு ஏறினோமே, உங்கள் வீட்டில் எந்த நோய் ஓடிற்று?" அவள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் டாக்டர் இருப்பாரா, அதைச் சொல்லுங்க" என்பாள். அந்தக் கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

அதே ஆண்டுகளில் இன்னொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. மகப்பேற்றிலே மாளும் தாய்மாரைப் பற்றிய கணக்கு அது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் எடுப்பது. இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் தமிழ்நாட்டில் இறந்த தாய்மார் 2014-16இல் 66 பேர். 2015-17இல் 63 பேர். 2016-18இல் 60 பேர். 2018-20இல் 54 பேர். இறங்குமுகம், இடையிலே ஒரு தடுமாற்றமும் இல்லாத இறங்குமுகம்! பட்டியலிலே நாம் ஆறு படி உருண்ட காலத்தில்தான், பிரசவ அறையிலே சாவு படிப்படியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

எது மெய், எது பொய் என்பீர்கள். இரண்டும் மெய்தான். நம் மதிப்பெண் 63.38இலிருந்து 60.41ஆகக் குறைந்தது. சரிவு நேர்ந்த இடங்கள் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பட்டியலிலே இரண்டாம் இடத்தில் நின்ற ஆந்திரம் பெற்றது 65.13. இரண்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் இடையே ஐந்து புள்ளிகூட இல்லை! பேருந்துப் படிக்கட்டிலே ஒன்பது பேர் ஒட்டிக்கொண்டு தொங்குகிறார்கள்; ஒருவர் கால் சற்று நழுவியது; அவரை அடுத்த தெருவிலே விழுந்து கிடப்பவராகக் காட்டிற்று பட்டியல். இடம் என்பது வேறு, இடைவெளி என்பது வேறு. இடத்தை மட்டும் சொல்லி இடைவெளியை மறைப்பது மேடைக்கு வசதி, மருத்துவத்துக்கு உதவாது.

அளக்காதே என்று கூறுபவன் அல்ல நான். அளவில்லாத ஆட்சி, அணையில்லாத ஆறு. மக்கள் பணம் செலவாகிறது; மக்கள் உயிர் பணயமாகிறது; கணக்குக் கேட்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. அளந்த பிறகு என்ன முடிவு எடுத்தார்கள்? எடுத்த முடிவு யாரைக் காத்தது? அளவுகோலைப் பிடித்திருப்பவர் யார், அளக்கப்படுபவர் யார், அளவிலே சேராமல் வெளியே நிற்பவர் யார்?

கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். புள்ளியியல் வகுப்பிலே உட்கார்ந்தவனல்லன். ஆனால் நாடகம் போட்டவன். ஆகவே கணக்கிலே ஒரு சூது உண்டென்று அறிவேன். வாயிலிலே விற்ற சீட்டை எண்ணினால் கொட்டகை நிறைந்திருக்கும். இடைவேளையிலே எழுந்துபோனவனை எந்தக் கணக்குப்பிள்ளையும் எண்ணுவதில்லை. நாடகத்தின் குறையைச் சொல்லக்கூடியவனோ அவன் ஒருவன்தான்!

இதை எங்கோ உள்ள ஊரை வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் கண்ணெதிரே இருக்கிறது சான்று. மாடம்பாக்கத்திலிருந்து சேலையூர் வழியே கிழக்குத் தாம்பரம் வந்து, இரயில் பாதை ஓரமாக வடக்கே திரும்பினால் ஒரு நிலையம் வரும். தாம்பரம் சானடோரியம் என்று பெயர். ஒரு மருத்துவமனையின் பெயரையே இரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்களே, அப்படிப்பட்ட மருத்துவமனை அது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தோற்றுவித்தது. இங்கிலாந்திலே காசநோய் விடுதி நடத்தித் தேர்ந்தவர் அவர். எலும்புருக்கி நோய்க்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, நல்ல ஓய்வு, இவைதாம் சிகிச்சை. நகரத்துப் புகை படாத வெளியைத் தேடி இங்கு வந்தார். அப்போது இங்கே காற்று நல்ல காற்று! 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

அந்த மருத்துவமனைக்கு 1993இல் ஒரு சோதனை வந்தது. எச்.ஐ.வி. கிருமி தாக்கியோர் வரத் தொடங்கிய காலம். தொட்டால் ஒட்டுமோ என்று கற்றவர்களே கதவடைத்த காலம். தாம்பரம் கதவைத் திறந்தது. மற்ற இடங்களிலே விரட்டப்பட்டோர், வேறு மாநிலத்தார், ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டோர், எல்லாரும் அந்த வாயிலிலே வந்து இறங்கினர். 2004 ஏப்ரலில் அரசு விலையின்றி மருந்து வழங்கத் தொடங்கியபோது, நாட்டில் முதலிலே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்களில் தாம்பரமும் ஒன்று.

இப்போது அளவுகோலைக் கொண்டுவாருங்கள். "இந்த மருத்துவமனையிலே எத்தனை பேர் சேர்ந்தனர்? எத்தனை பேர் இறந்தனர்?" என்று மட்டும் கேட்டு மதிப்பெண் போடுங்கள். சாகக் கிடப்பவனைச் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிய மருத்துவமனைக்கு முதல் மதிப்பெண் கிடைக்கும். அவனை அணைத்துக்கொண்ட தாம்பரத்துக்குக் கடைசி மதிப்பெண் கிடைக்கும். கருணைக்குக் கழித்தல் குறி, கல்நெஞ்சுக்குக் கூட்டல் குறி! நோயாளி எந்த நிலையிலே வந்தான் என்று கேட்காத எந்த மதிப்பீடும் இப்படித்தான் முடியும்.

இது கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். 1997 முதல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட காசநோய்த் திட்டத்துக்கு இரண்டு இலக்குகள் இருந்தன. இருக்கவேண்டிய நோயாளிகளில் நூற்றுக்கு 70 பேரைக் கண்டுபிடி. கண்டுபிடித்தவரில் நூற்றுக்கு 85 பேரைக் குணமாக்கு. தவறான இலக்கா? இல்லை. ஆனால் தலைநகராம் டில்லியிலே ஆய்வாளர் சிலர் சென்று பார்த்து 2002இல் எழுதினர்: மாத்திரையை ஒழுங்காக முடிக்கமாட்டார் என்று தோன்றியவர்களை, வீடற்றவரை, இடம்விட்டு இடம்போகும் கூலிகளை, ஊழியர்கள் திட்டத்திலே சேர்க்கவே தயங்கினர், நோயாளி நடுவிலே நின்றால் நூற்றுக்கு 85 குலைந்துவிடுமே!

நாடகக்காரன் கண்ணுக்கு அந்தக் காட்சி தெரிகிறது. நான் புனைவதுதான், ஆயினும் கேளுங்கள்.

கட்டட வேலைக்காரன் ஒருவன் இருமிக்கொண்டே வந்து நிற்கிறான்.

"விலாசம்?"

"மேம்பாலத்துக்குக் கீழே, ஐயா."

"அடுத்த மாதம்?"

"வேலை எங்கேயோ அங்கே."

ஊழியர் பேனாவை மூடுகிறார். அவர் கெட்டவரல்லர். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. மாதக் கடைசியில் அவர் மேலதிகாரி கேட்கப்போவது நூற்றுக்கு எத்தனை என்பது மட்டுமே. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருப்பா" என்கிறார். அவன் போகிறான், இருமலும் அவனோடு போகிறது, இன்னும் எத்தனை பேரின் மார்புக்குள் புகுமோ! இலக்கு காப்பாற்றப்பட்டது. நோயும் காப்பாற்றப்பட்டது.

இடைவேளையிலே எழுந்துபோனவன் என்றேனே, இவன் அவனுக்கும் கீழே. இவனுக்குச் சீட்டே கொடுக்கவில்லை.

வெள்ளையர் நாட்டிலே மட்டும் என்ன வாழ்ந்தது? 1948இல் எல்லார்க்கும் விலையில்லா மருத்துவம் என்று உலகுக்கு வழிகாட்டிய நாடு அது. அங்கே ஸ்டாஃபோர்டு நகர மருத்துவமனையில், 2005 முதல் 2009 வரை, நிர்வாகத்தார் வரவுசெலவைச் சரிக்கட்டுவதிலும் இலக்கை எட்டியதாகக் காட்டுவதிலும் கண்ணாக இருந்தனர். கூடத்திலே நோயாளிகள் தண்ணீருக்குத் தவித்தனர். பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்களும் உண்டு என்று விசாரணையிலே வெளிவந்தது. இராபர்ட் பிரான்சிசு என்னும் வழக்குரைஞர் தலைமையிலே நடந்த பொது விசாரணை 2013இல் 290 பரிந்துரைகள் கூறிற்று. அதைத் தோண்டி எடுத்ததிலே, இறந்தவர்களின் உறவினர் விடாது எழுப்பிய குரலுக்குப் பெரும்பங்கு உண்டு!

போகட்டும். கெட்ட அளவையே சொல்லிக்கொண்டிருந்தால் நான் ஒப்பாரி வைப்பவனாகிவிடுவேன். நல்ல அளவு எப்படி இருக்கும்? அதையும் சென்னை மண்தான் உலகுக்குக் காட்டியது. இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய கதை, சொல்லப்படுவதில்லை.

1956. சென்னைச் சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்தியது. மருந்து வந்துவிட்டது. ஆனால் படுக்கை எங்கே? இலட்சோபலட்சம் நோயாளிகளுக்கு எத்தனை சானடோரியம் கட்டுவது? அப்போதைய அறிவாளர் கருத்து, படுக்கையும் ஓய்வும் ஊட்டமும் இல்லாமல் காசநோய் தீராது என்பது. ஓட்டுக் குடிசையிலே, ஒற்றை அறையிலே, எட்டுப் பேரோடு படுத்துறங்கும் ஏழைக்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் குணமாகுமா? குடும்பத்துக்கும் நோய் தொற்றிவிடாதா?

வாதாடிக்கொண்டிருக்கவில்லை அவர்கள். அளந்தார்கள்! சென்னையின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரை எடுத்துக்கொண்டனர். யார் வீட்டில், யார் விடுதியில் என்பதைச் சீட்டுப் போடுவதுபோலத் தற்செயலுக்கு விட்டனர். எளிய நோயாளியை ஒரு பக்கம் சேர்த்து வெற்றி காட்டும் வேலைக்கு இடமே வைக்கவில்லை. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. விடுதியிலிருந்தோர் நன்றாக உண்டனர், ஓய்வு கொண்டனர். வீட்டிலிருந்தோர் அரைவயிறு உண்டனர், உழைத்தனர். முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டிலே மருந்துண்டவர் குணமான அளவு, விடுதியிலே குணமான அளவுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது! வீட்டாருக்குத் தொற்றும் அதனால் கூடிவிடவில்லை. அம்முடிவு சென்னையோடு நிற்கவில்லை. ஏழை நாடுகள் எல்லாவற்றிலும் காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் அந்த அடித்தளத்தின்மீதுதான் எழுப்பப்பட்டது.

அதிலே யாருக்கும் முதலிடம் இல்லை, கடைசி இடம் இல்லை. ஒரு கேள்வி இருந்தது. அக்கேள்விக்கு விடை எப்படி வந்தாலும் ஒரு முடிவு காத்திருந்தது. விடுதிதான் வேண்டும் என்று வந்திருந்தால் விடுதி கட்டியிருப்பார்கள்; வீடே போதும் என்று வந்தது, வீட்டுக்குப் போனார்கள்.

நான்கே ஆண்டுகளில் இன்னொரு நல்ல அளவும் நடந்தது. பெங்களூர்க் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சனும் நோயாளிகளிடமே சென்று கேட்டனர். கிராமத்தான் அறியாமையால் வைத்தியம் பார்ப்பதில்லை என்பது அன்று அதிகாரிகளின் பல்லவி. 1963இல் இவர்கள் வெளியிட்ட விடை வேறு: நோய்க்குறி உள்ளவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையத்தின் வாயிலை மிதித்திருந்தனர், இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். மக்கள் வரவில்லை என்று குற்றம் சாட்டிய நிலையம், வந்த மக்களைப் பார்க்கவில்லை! அறுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. இன்றும் எந்தக் கூட்டத்திலும் "மக்களிடையே விழிப்புணர்வு இல்லை" என்று ஓர் அதிகாரி பேசக் கேட்டால் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டிலே காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. காசநோயாலே இறப்பவரில் பெரும்பகுதியினர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கின்றனர் என்பது தெரிந்தது. பின் செய்ததென்ன? பெருங்கருவி வாங்கவில்லை, பேரறிஞர் குழு போட்டு ஐந்தாண்டு காத்திருக்கவில்லை. நோய் உறுதியானவுடன் ஐந்து செய்திகளைப் பார் என்றனர். உயரத்துக்கேற்ற எடை உண்டா? காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறது? இரத்தத்திலே பிராணவாயு எவ்வளவு? பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றிலே தவறியவரை உடனே மருத்துவமனையிலே சேர்! தொடக்க மாதங்களின் சாவு குறைந்ததென்று ஆய்வாளர் எழுதியிருக்கின்றனர்.

எழுந்து நிற்க முடிகிறதா என்று ஒருவனைப் பார்த்துக் கேட்பதற்கு டில்லியின் கையொப்பம் தேவையில்லை. அந்த எண் எந்தப் பட்டியலுக்கும் போகத் தேவையில்லை. அளந்தவர் கையிலேயே முடிவும் இருக்கிறது. அதனால்தான் அது உயிர் காக்கிறது.

சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரிலே விளங்குகிறது. அது ஜார்க்கண்டிலே நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தால், அவ்வீட்டில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைகிறது! எண்ணிப் பாருங்கள். 1956இல் நோயைத் தீர்க்க ஊட்டத்துக்காகக் காத்திராதே, மருந்தைக் கொடு என்று காட்டிய அதே இடம், வீட்டாருக்கு நோய் வராமல் தடுக்கச் சோறு போடு என்று இன்று கூறுகிறது. தன் பழைய புகழுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்காராமல் புதிய கேள்வியைக் கேட்டதே, அதுதான் பெருமை. முடிவெடுக்கவேண்டியவர் என்ன செய்தனர்? நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆயிற்று. நல்லது. ஆயிரம் ரூபாயிலே ஒரு குடும்பம் எத்தனை நாள் பருப்பு வாங்கும் என்ற கணக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் டில்லி முழங்கிற்று. உலகம் 2030 என்றது; இவர்கள் ஐந்தாண்டு முந்திக்கொண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2015இல் இலட்சம் பேருக்கு 237 பேரைத் தாக்கிய நோய், 2023இல் 195 பேரைத் தாக்கிற்று. குறைந்திருக்கிறது, உலகச் சராசரியைவிட வேகமாகவே குறைந்திருக்கிறது. பாராட்டலாம். ஆனால் குறைத்தது ஏறக்குறைய 18 விழுக்காடு. குறிவைத்ததோ 80 விழுக்காடு!

இத்தனைக்கும் நடுவே 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு டில்லியிலிருந்து ஒரு மடல் வந்தது. எதிர்பாராத காரணங்களால் காசநோய் மருந்து வந்துசேரத் தாமதமாகலாம். மூன்று மாதத்துக்கு வேண்டியதை நீங்களே உள்ளூரிலே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இயலாவிட்டால் நோயாளி வாங்கிக்கொள்ளட்டும், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். மருந்தை மொத்தமாக வாங்கும் உரிமையைத் தன் கையிலே வைத்துக்கொண்டவர், மருந்து தீரும் நேரத்தில் பொறுப்பை மட்டும் பகிர்ந்தளித்தார்! மருந்து இடையிடையே நின்றுபோனால் கிருமி கற்றுக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும். அப்படிப்பட்ட நோய் இது.

மருந்து வாங்குவதை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று டில்லிக்குத் தெரியாதா? தமிழ்நாட்டைக் கேட்டிருக்கலாமே! 1994இல் இங்கே மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மாவட்டக் கிடங்குகள், வெளிப்படையான ஏலம், வந்த மருந்தைப் பரிசோதித்த பின்பே வெளியே அனுப்பும் வழக்கம், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ் புத்தகம். இவ்வளவு தொகைக்கு உனக்கு உரிமை உண்டு, உன் ஊருக்கு எந்த மருந்து வேண்டுமோ எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு. தேவையை அறிந்தவன் கீழே இருக்கிறான், தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவனிடம் இருக்கட்டும் என்பதே அதன் உட்கருத்து. பல மாநிலங்கள் வந்து பார்த்துச் சென்றன. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் ஆறாம் இனமாக இருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

மேலே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவெல்லாம் தப்பிப்போகும் என்பதற்கு இன்னும் ஒரு சான்று. சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 2023 ஆகஸ்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை நாடாளுமன்றத்திலே வைக்கப்பட்டது. பிரதமர் பெயரால் நடக்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலே ஏறத்தாழ ஏழரை இலட்சம் பயனாளிகளுக்கு ஒரே தொலைபேசி எண்! பத்து ஒன்பதுகள் கொண்ட எண்! அதுமட்டுமா? முன்பு இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட 3,446 நோயாளிகளின் பெயரால் மறுபடியும் சிகிச்சைக்கென்று 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது. சாவித்திரி ஒருத்திதான் கணவனை மீட்டாள் என்று புராணம் பேசுவோர், இந்தப் பேரேட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

புதிதாக எதையேனும் கண்டுபிடித்துச் சொல்கிறேனா? இல்லை. நம்மவர் ஒருவர் அன்றே சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் வீற்றிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலே 1959இல் ஒரு குழு அமைத்தனர். 1946இல் போர் குழு வகுத்த திட்டம் எந்த அளவுக்கு நிறைவேறிற்று என்று ஆராய்வது அதன் வேலை. 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிப் பத்தாண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் திறந்துகொண்டே போயினர். எண்ணிக்கை ஏறிற்று, அமைச்சர்கள் ரிப்பன் வெட்டினர். முதலியார் குழு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கும் நிலையங்களின் தரம் போதாது, புதியன திறப்பதற்கு முன் இவற்றைச் சீராக்குங்கள் என்றது. திறந்ததை எண்ணாதே, நடப்பதை எண்ணு என்பதுதானே அதன் பொருள்? கத்தரிக்கோலுக்கு அந்தப் பரிந்துரை பிடிக்கவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வரி. 2025க்குள் நாட்டு வருமானத்திலே 2.5 விழுக்காட்டை அரசுகள் உடல்நலத்துக்குச் செலவிடும் என்று 2017இல் கொள்கை வகுத்தனர். 2021-22இல் எட்டியது 1.84. மருத்துவச் செலவிலே நூற்றுக்கு 39 பங்கை இன்னும் மக்கள் மடியிலிருந்தே அவிழ்க்கின்றனர்.

மாடம்பாக்கத்துக்குத் திரும்புவோம். தேனுபுரீசுவரர் கோயிலும் ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். இன்று அடுக்குமாடிகள், ஒடியாவும் இந்தியும் பேசும் கட்டடத் தொழிலாளர் குடில்கள், வேலைக்குப் போகும் இளந்தம்பதியர், ஓய்வூதியம் பெறும் முதியோர். 2021 நவம்பரிலே ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அந்த ஐந்து பேரூராட்சிகளிலே மாடம்பாக்கமும் ஒன்று. நகரத்திலே 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. 50,000 பேர் இருக்கிறார்களா, இலட்சம் பேர் இருக்கிறார்களா என்று எப்படி அறிவது? குடிக்கணக்கு கடைசியாக எடுத்தது 2011இல்! 2021இல் எடுத்திருக்க வேண்டியது நின்றுபோயிற்று. 2027க்கு என்று அறிவித்திருக்கின்றனர். அரசாங்கக் கணக்குப்படி, 2011க்குப் பிறகு கட்டிய அடுக்குமாடிகளிலே ஆளே குடியேறவில்லை போலும்! வகுக்கும் எண் பொய்யானால், நூற்றுக்கு இத்தனை, இலட்சத்துக்கு இத்தனை என்று வருகிற ஒவ்வோர் எண்ணும் தள்ளாடும். புறநகர்வாசிக்கு நேர்ந்துள்ள தனிக்கேடு இது. கிராமக் கணக்கிலே இருந்து விலகினான். நகரக் கணக்கிலே முழுதாகச் சேரவில்லை. அந்த மேம்பாலத்துக் கூலிக்காரனின் தம்பி இங்கேயும் இருக்கிறான். எந்த ஊர்க் கணக்கிலும் அவன் இல்லை.

இதற்கெல்லாம் டில்லி விழிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். தமிழ்நாடு ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. பிள்ளைப்பேற்றிலே ஒரு தாய் இறந்தால், அவள் பெயரைக் கோப்பிலே மூடுவதில்லை. ஏன் இறந்தாள் என்று ஆராய்கின்றனர். வீட்டிலே தாமதமா, வழியிலே தாமதமா, வந்தபிறகு மருத்துவமனையிலே தாமதமா என்று கேட்கின்றனர். இந்த ஆய்வைக் கடுமையாக்கியபோது பதிவான சாவுகளின் எண்ணிக்கை முதலிலே கூடிற்று! மறைந்து கிடந்தவை வெளியே வந்தன. இடத்துக்கு அஞ்சுகிற ஆட்சி அப்போதே அந்த ஏட்டை மூடியிருக்கும். மூடவில்லை, அதனால்தான் பின்னாலே 66, 63, 60, 54 என்று இறங்கிற்று. காசநோய்ச் சாவுக்கும் அதே ஆய்வு, அதே கண்டிப்பு, ஆண்டுதோறும் பெயர் நீக்கிய அறிக்கை, மாநகராட்சிவாரியாக வெளியாக வேண்டும். கூடுமே என்று அஞ்சவேண்டாம். கூடட்டும்.

2022 நவம்பர் முதல் நாள் நகரப் பகுதி சபைகள் தொடங்கப்பட்டன. நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலிலேயே முதலமைச்சர் வந்து அமர்ந்தார். அந்தச் சபை தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மட்டும் உரியதன்று. உங்கள் பகுதியிலே அது கூடும்போது சென்று உட்காருங்கள். நம் மாநிலம் எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். நம் சுகாதார நிலையத்திலே சென்ற மாதம் எத்தனை நாள் மருத்துவர் இருந்தார், எத்தனை மணி வரை இருந்தார் என்று கேளுங்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை தீர்ந்துபோன நாள்கள் எத்தனை என்று கேளுங்கள். இருமலோடு வந்தவர்களிலே எத்தனை பேருக்குச் சளி சோதித்தீர்கள், விலாசம் இல்லாதவர் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், நடுவிலே நின்றவரைத் தேடி யார் போனார் என்று கேளுங்கள். செவிலியரை நிற்கவைத்துக் கேட்காதீர்கள். அவர் ஏற்கெனவே பத்து ஏடுகளை நிரப்பிக்கொண்டிருப்பவர். அவருக்கு மேலே இருப்பவரை வரவழைத்து, அவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்திலே வாங்குங்கள், தேதியோடு.